நிற்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது: அமெரிக்காவின் புது லாரி டிரைவர்

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய லாரிக் கம்பெனி. அதில் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு டிரைவர். கற்பனை ஆள்தான், அதனால பேர் வேண்டாம். அவருக்கு மைலுக்கு 50 சென்ட் சம்பளம்னு வச்சுக்குவோம். ராத்திரி குடோன் பக்கத்திலேயே வண்டியில் படுத்துத் தூங்கிவிட்டு, காலை 6 மணிக்கு லோடு ஏற்ற வாசலில் போய் நிற்கிறார். "வெயிட் பண்ணுங்க, கூப்பிடுறோம்" என்கிறார்கள். 7 ஆகிறது, 9 ஆகிறது. கடைசியில் 11 மணிக்குத்தான் லோடு ஏறி முடிகிறது.

இந்த 5 மணி நேரத்துக்கு அவருக்கு என்ன கிடைக்கும்? முதல் 2 மணி நேரம் இலவசம் என்பது அந்தத் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். அதற்கு மேல் சில கம்பெனிகள் கொஞ்சம் காத்திருப்புப் பணம் கொடுக்கும், சில கம்பெனிகள் கொடுக்காது. சக்கரம் உருளவில்லை என்றால் மைல் இல்லை. மைல் இல்லை என்றால் சம்பளம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இதோட முடியலை. அமெரிக்கச் சட்டப்படி, வேலையைத் தொடங்கிய நேரத்திலிருந்து 14 மணி நேரம்தான் அன்றைய நாள். அந்த 14 மணிக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு கட்டாயம். ஓய்வைப் பிரித்து எடுக்கிற சில விலக்குகள் உண்டு, ஆனா அடிப்படை இதுதான். நம்ம ஆளுக்குக் காலை 6 மணிக்கே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. குடோன் வாசலில் நின்றபோதும் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. 11 மணிக்கு அவர் கிளம்பும்போது மிச்சம் இருப்பது 9 மணி நேரம். அதாவது காத்திருந்த நேரத்துக்கும் காசு இல்லை, அந்தக் காத்திருப்பால் ஓட்ட முடியாமல் போன 2 மணி நேரத்துக்கும் காசு இல்லை.

இதை முதல்ல படிச்சப்போ நான் நினைச்சது, இது இப்போ வந்த டெக்னாலஜி பண்ற வேலைன்னு. வண்டிக்குள்ள ஒரு கருவி, ஒவ்வொரு நிமிஷத்தையும் கண்காணிக்குது, அதான் பிரச்சினைன்னு. பின்னோக்கிப் படிக்கப் படிக்க, இதன் வேர் 1930களில் போய் நின்றது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

தூக்கமும் துப்பாக்கிச் சூடும்

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த சில வருஷங்கள் பெருமந்தம். வேலை போனவர்கள் லட்சக்கணக்கில். அந்த நேரத்தில், கடனுக்கு ஒரு லாரியை வாங்கி ரோட்டில் இறக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் கிளம்பினார்கள். லாரி அதிகம், சரக்குக் குறைவு. வாடகை தரைமட்டத்துக்குப் போனது. குறைந்த வாடகையில் தவணையும் கட்டி வீட்டுக்கும் காசு அனுப்ப ஒரே வழி, தூங்காமல் ஓட்டுவது. 1940-ல் வெளிவந்த "தே டிரைவ் பை நைட்" என்ற ஹாலிவுட் படம் இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. அதில் ஹம்ப்ரி போகார்ட் நடித்த பாத்திரம் ஸ்டீயரிங்கில் தூங்கி, விபத்தில் ஒரு கையை இழக்கும். அன்றைய ரசிகர்களுக்கு அது பழகிய செய்தி.

கம்பெனியில் கூலிக்கு ஓட்டியவர்கள் நிலைமையும் சுகமில்லை. 1934-ல் மினியாபொலிஸ் நகரத்தில் லாரித் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஜூலை 20 அன்று போலீஸ் சுட்டதில் 60-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், 2 பேர் இறந்தார்கள். அந்த நாளை இன்றும் "ரத்த வெள்ளி" என்கிறார்கள். ஆகஸ்டில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். அந்த ஸ்டிரைக்கில் உருவான தலைவர்களில் ஒருவர் ஃபாரல் டாப்ஸ். அதற்குக் கொஞ்சம் முன்புவரை நிலக்கரிக் கிடங்கில் வேலை பார்த்தவர். தொலைதூர லாரி டிரைவர்களை மாநிலம் தாண்டிச் சங்கமாகச் சேர்க்கும் வேலையை அவர்தான் முன்னின்று நடத்தினார். அவரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட இளைஞர்களில் ஒருவர் ஜிம்மி ஹோஃபா. இந்தப் பேர் திரும்ப வரும்.

இரண்டு சட்டம், நடுவில் ஒரு பள்ளம்

1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். லாரித் தொழில் ஐசிசியின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிரிக்கெட் ஐசிசி இல்லீங்க. இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கவனிக்கும் ஆணையம். யார் கம்பெனி தொடங்கலாம், எந்த வழியில் போகலாம், என்ன சரக்கு ஏற்றலாம், எல்லாவற்றுக்கும் பர்மிட் தேவை. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று வரம்பு வைக்கும் அதிகாரமும் ஐசிசிக்குத்தான். 1930களின் இறுதியில் அந்த விதிகளும் வந்துவிட்டன.

1938-ல் இன்னொரு பெரிய சட்டம் வந்தது. நியாயமான தொழிலாளர் தரச் சட்டம். நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி, வாரத்தில் ஒரு வரம்புக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமான சட்டம் இது.

இங்கதான் விஷயமே இருக்கு. ஓவர்டைம் பகுதியில் சிலருக்கு விலக்கு கொடுத்தார்கள். யாருடைய வேலை நேரத்தை ஐசிசி ஒழுங்குபடுத்த முடியுமோ, அவர்களுக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. அதாவது லாரி டிரைவர்கள். "இவங்க நேரத்தைப் பார்த்துக்க ஏற்கெனவே ஒரு ஆணையம் இருக்கே" என்பதுதான் இதன் பின்னால் இருந்த நியாயம். கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனால் ஐசிசியின் விதி பாதுகாப்புக்கான விதி. இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே என்று மட்டும் அது சொல்லும். நின்ற நேரத்துக்கு என்ன கூலி என்று அது பேசவே பேசாது. ஒரு சட்டம் நேரத்தைப் பார்த்தது, காசைப் பார்க்கவில்லை. காசைப் பார்த்த சட்டம், நேரத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டது. அந்த விலக்கு இன்றுவரை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

பள்ளத்தை மூடிய யூனியன்

அப்படின்னா 1938-லேயே டிரைவர்கள் வாழ்க்கை மோசமாகியிருக்கணுமே? ஆகலை. காரணம், டீம்ஸ்டர்ஸ் யூனியன். சட்டம் விட்ட பள்ளத்தை ஒப்பந்தம் மூடியது. 1964 ஜனவரியில் ஜிம்மி ஹோஃபா, நாடு முழுமைக்கும் ஒரே சரக்கு ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் காட்டினார். சுமார் 4 லட்சம் தொழிலாளர்களுக்கு ஒரே அடிப்படை. மைலுக்கு இவ்வளவு என்ற கூலியோடு, வண்டி பழுதானாலும், வாசலில் நிற்க வைத்தாலும், அந்த நேரத்துக்கு மணிக்கணக்கில் கூலி. ஹோஃபாமீது ஊழல் வழக்குகள், சிறைத் தண்டனை, 1975-ல் அவர் மர்மமாகக் காணாமல் போனது, இதெல்லாம் தனி எபிசோடுக்கான கதை. ஆனால் டிரைவர் வீட்டில் அந்த ஒப்பந்தம் சோறு போட்டது என்பதும் உண்மை.

அந்தக் காலத்தில் புதுசா ஒருத்தர் யூனியன் கம்பெனியில் சேர்ந்தால் என்ன நடக்கும்? உடனே நெடுஞ்சாலைக்கு அனுப்ப மாட்டார்கள். பெரும்பாலும் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில் வேலை. ஆள் தேவைப்படும் நாளில் போன் வரும், ஓடணும். சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசி ஆள். வருஷங்கள் போகப் போகப் பட்டியலில் மேலே ஏறி, நல்ல ரூட் கிடைக்கும். சலிப்பான வழிதான். ஆனால் ஏற ஒரு படிக்கட்டு இருந்தது.

அந்தப் படிக்கட்டு எல்லாருக்கும் இருந்ததா? இல்லை. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய லாரிக் கம்பெனி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 1971 கணக்குப்படி அந்தக் கம்பெனியில் 1,828 தொலைதூர டிரைவர்கள். அதில் கறுப்பினத்தவர் 8 பேர். அந்த 8 பேரும் வழக்கு தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டவர்கள். மற்ற கறுப்பினத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டும் வேலையிலும், வண்டியைப் பராமரிக்கும் வேலையிலும், குறைந்த சம்பளத்தில் இருந்தார்கள். தொலைதூர வேலைக்கு மாறினால் பழைய சீனியாரிட்டி போய்விடும், மறுபடி பட்டியலில் கடைசி. கம்பெனி பாகுபாடு காட்டியது என்று நீதிமன்றம் சொன்னது. யூனியனின் சீனியாரிட்டி முறையை மட்டும் சட்டம் பாதுகாக்கிறது என்று விட்டுவிட்டது. பொற்காலம் என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்டுக்கணும்.

1980: கதவு திறந்தது

பர்மிட் முறையில் கேலிக்கூத்துகளும் இருந்தன. ஒரு சரக்கைக் கொண்டுபோய் இறக்கிய லாரி, திரும்பும் வழியில் சரக்கு ஏற்றப் பர்மிட் இல்லாமல் காலியாக வரும். புதுசா கம்பெனி தொடங்கணும்னா, தேவை இருக்கிறது என்று நிரூபிக்கணும். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் வந்து எதிர்ப்பார்கள். விலைவாசி ஏறிய 1970களில், இதை மாற்றணும் என்று இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்தே சொன்னார்கள். செனட்டர் எட்வர்ட் கென்னடி முன்னின்றார். 1980 ஜூலை 1-ல் அதிபர் கார்ட்டர் புதிய மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே வந்தது. 1980-ல் 20,000-க்கும் குறைவாக இருந்த லாரிக் கம்பெனிகள், 1990-ல் 40,000-ஐத் தாண்டின. சரக்கு வாடகை குறைந்தது. கடைக்குத் தேவையான பொருள் தேவையான நாளில் வந்து சேரும் பழக்கம் வளர்ந்தது. வாங்குபவருக்கு இதில் லாபம்தான், அதை மறுக்க முடியாது.

டிரைவர் பக்கம் என்ன ஆச்சு? புதுசா வந்த கம்பெனிகளில் பெரும்பாலானவற்றில் யூனியன் கிடையாது. பழைய யூனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. ஒப்பந்தம் போனது. ஒப்பந்தம் மூடி வைத்திருந்த அந்த 1938-ஆம் வருஷத்துப் பள்ளம் வெளியே தெரிந்தது. மைல் கூலி மட்டும் மிஞ்சியது, நிற்கிற நேரத்துக்கான கூலி காணாமல் போனது. முன்னாள் லாரி டிரைவரும் பேராசிரியருமான மைக்கேல் பெல்சர், 2000-ல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு "சக்கரத்தின்மேல் ஓடும் சுரண்டல் பட்டறைகள்" என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்.

புது ஆளை நம்பி ஓடும் தொழில்

சம்பளம் குறைந்தால் ஆட்கள் விலகுவார்கள். விலகினால் புது ஆள் வேண்டும். 1986-ல் வந்த சட்டப்படி, 1992 ஏப்ரல் முதல் பெரிய லாரி ஓட்ட நாடு முழுக்க ஒரே தரத்தில் தனி லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸுக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குக் காசு வேண்டும். வேலை தேடி வருபவரிடம் அந்தக் காசு இருக்காது. பெரிய கம்பெனிகள் சொந்தமாகவே டிரைவிங் பள்ளி வைத்தன. "காசு வேண்டாம், வந்து கத்துக்கோங்க. ஒரு வருஷம் எங்ககிட்ட ஓட்டுனா போதும். நடுவுல போனா மட்டும் ஃபீஸைக் கட்டணும்."

புது டிரைவரின் முதல் சில மாதங்கள் இப்படிப் போகும். சில வாரம் பள்ளி. கையில் லைசென்ஸ். அப்புறம் ஒரு டிரெய்னரோடு ஒரே வண்டியில் பல வாரம். முன்னால் 2 சீட், பின்னால் படுக்கை. முன்பின் தெரியாத ஒருவரோடு ஓட்டுவதும் சாப்பிடுவதும் தூங்குவதும் அந்தக் கேபினுக்குள்தான். அது முடிந்ததும் தனி வண்டி. பொதுவாக ஒரு வாரம் ரோட்டில் இருந்தால் ஒரு நாள் வீடு என்பது கணக்கு. டிஸ்பேட்சர் போனில் லோடு வரும். இன்னொரு விஷயமும் அப்போதான் புரியும். பல கம்பெனிகளில் வண்டி ஓடிய மைலுக்குச் சம்பளம் கிடையாது. ஊருக்கு ஊர் தூரம் போட்ட ஒரு அட்டவணை இருக்கும், அதில் உள்ள மைலுக்குத்தான். அந்த மைல் பெரும்பாலும் மீட்டரில் ஓடிய மைலைவிடக் குறைவு.

பெரிய கம்பெனிகளில் ஆண்டு ஆள்மாற்ற விகிதம் பல வருஷங்கள் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. 100 சீட் நிரம்பியிருக்க, வருஷத்துக்கு 90 பேருக்குமேல் புதுசா எடுக்கணும் என்று அர்த்தம். எல்லாரும் போகிறார்கள் என்றில்லை. சிலர் வருஷக்கணக்கில் நிலைக்கிறார்கள். ஒரே சீட் ஒரே வருஷத்தில் 3 தடவை காலியாவதும் உண்டு. காலி செய்வது பெரும்பாலும் புது ஆள்.

சமூகவியலாளர் ஸ்டீவ் விஸ்கெலி இதைப் புரிந்துகொள்ள, தானே பயிற்சி எடுத்து, சில மாதங்கள் டிரைவராக வேலை செய்தார். 2016-ல் அவருடைய "தி பிக் ரிக்" புத்தகம் வந்தது. அதில் அவர் விரிவாகக் காட்டுகிற ஒன்று: களைத்துப் போன புது டிரைவரிடம் அடுத்து வைக்கப்படும் யோசனை, "நீயே முதலாளி ஆகலாமே" என்பது. கம்பெனியிடமே லாரியைக் குத்தகைக்கு எடுத்து, கம்பெனிக்கே ஓட்டுவது. டீசல், தவணை, ரிப்பேர் எல்லாம் டிரைவர் தலையில். பேப்பரில் அவர் தொழிலாளி இல்லை, தனி ஒப்பந்ததாரர்.

ஒரு சொல்லின் வயசு

இந்த ஏற்பாடு 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பயிற்சியில் சேர்ந்து, பிறகு அப்படி ஒப்பந்ததாரராக மாறிய ஒரு டிரைவர், குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, கோர்ட்டுக்கு வர முடியாது, தனியார் நடுவரிடம்தான் போகணும் என்றது கம்பெனி. நடுவர் தீர்ப்புச் சட்டம் 1925-ல் வந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களின் "எம்ப்ளாய்மென்ட்" ஒப்பந்தங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் ஒப்பந்ததாரர் எம்ப்ளாயி இல்லையே?

நீதிபதிகள் 1925-ஐ ஒட்டிய அகராதிகளைப் புரட்டினார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் "வேலை". யார் செய்தாலும் வேலை. தொழிலாளி, ஒப்பந்ததாரர் என்ற பாகுபாடு அந்தச் சொல்லில் இல்லை. 8 பேரும் ஒரே குரலில் டிரைவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கூலி பாக்கியா இல்லையா என்பது அந்தத் தீர்ப்பில் முடிவாகவில்லை. கோர்ட் கதவைத் தட்டும் உரிமை மட்டும் உறுதியானது. அதுவே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

கருவி காட்டிக்கொடுத்தது

இப்போ நான் முதலில் சந்தேகப்பட்ட அந்தக் கருவிக்கு வரேன். 2017 டிசம்பர் 18 முதல், பெரும்பாலான தொலைதூர லாரிகளில் மின்னணு நேரப் பதிவுக் கருவி கட்டாயம். அதற்கு முன்னால் காகித லாக் புத்தகம்தான். டிரைவர்கள் அதை "காமிக் புக்" என்று கிண்டலடிப்பார்கள், அவ்வளவு கற்பனை. குடோன் வாசலில் 5 மணி நேரம் நின்றால், லாக்கில் அதை ஓய்வு என்று எழுதிவிட்டு ராத்திரி கூடுதலாக ஓட்டி ஈடுகட்டினார்கள். 2004-ல் 14 மணி நேரக் கடிகாரம் வந்தபோதே அது சட்டப்படி தப்பு. கருவி வந்ததும் முடியாமலே போனது. ஆக, கருவி ஒரு அநியாயத்தை உருவாக்கவில்லை. அதுவரை டிரைவர்கள் தங்கள் தூக்கத்தைக் கொடுத்து மூடி வைத்திருந்ததை வெளியே இழுத்துப் போட்டது.

இது வெறும் காசுப் பிரச்சினையும் இல்லை. 2009-ல் தென் கரோலினாவில் ஒரு டிரைவர், லோடு இறக்கும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நிறுத்த வேறு இடம் கிடைக்காமல், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். அங்கே கொள்ளையடிக்க வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவர் மனைவி நடத்திய போராட்டத்தால், லாரி நிறுத்துமிடங்களுக்கான "ஜேசன் சட்டம்" 2012-ல் வந்தது. 2018-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு அறிக்கை கொடுத்தது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் சராசரியாக 15 நிமிடம் கூடுதலாக நின்றால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்பது அதன் மதிப்பீடு. தாமதத்தால் டிரைவர்கள் வருஷத்துக்கு இழப்பது 110 முதல் 130 கோடி டாலர்.

1938-ஆம் வருஷத்து விலக்கை நீக்க 2022-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 2023-ல் மறுபடியும் வந்தது. இரண்டு தடவையும் நிறைவேறவில்லை.

நம்ம கற்பனை டிரைவர் கிளம்பிப் போயாச்சு. ஆனா இதைத் தயார் பண்ணும்போது எனக்கு ஞாபகம் வந்தது, எங்க தெரு முனையில இருக்கிற பிரியாணிக் கடை. ராத்திரி 9 மணிக்கு அங்கே பைக்கை நிறுத்திட்டு, போனைப் பார்த்துக்கிட்டு 10 பேராவது நிப்பாங்க. அவங்களுக்கும் டெலிவரிக்கு இவ்வளவுன்னுதான் காசு. பேரு "பார்ட்னர்". மைல் கணக்கோ டெலிவரி கணக்கோ, எண்ணுவதற்குச் சுலபமான ஒன்றை மட்டும் எண்ணினால், எண்ணாமல் விட்ட நேரம் எப்பவும் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். அமெரிக்காவில் அப்படி விழுந்த நேரம் 80 வருஷமாக அங்கேயே கிடக்கிறது.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க வீட்டில் லாரி ஓட்டினவங்க, ஓட்டுறவங்க யாராவது இருந்தா, அவங்க நின்ற நேரத்துக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.